எத்தனை அடி அகலம்?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒருவர் போன் செய்து, ‘உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?’ என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? ‘ஒண்ணும் தெரியாது’ என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். நான் அதைச் செய்யவில்லை. ‘எந்த வண்டி?’ என்று கேட்டுத் தொலைத்தேன்.

கேட்டவன் என் கல்லூரி நண்பன். இரண்டு பேரும் ஒன்றாக பி.காம். படித்தோம். நான் கணக்கைக் கைவிட்டு பேனாவைப் பிடித்தேன். அவன் கணக்கை விடாமல் பிடித்துக்கொண்டான். கோவையில் ஒரு கம்பெனியில் நல்ல நிலைமையில் இருக்கிறான்.

விஷயம் இதுதான். போன வருடம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் நாலரை ஏக்கர் வாங்கினான். மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு அங்கே போய்விடுவான். தார் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு அறுநூறு மீட்டர் உள்ளே நடக்க வேண்டும். உரமூட்டை, சொட்டுநீர்க் குழாய், தென்னங்கன்று எதுவானாலும் அந்த அறுநூறு மீட்டரை யாராவது சுமந்து கடக்க வேண்டும். ‘இனிமே முடியாதுப்பா. காடு மேடெல்லாம் ஏறுற மாதிரி ஒரு வண்டி வாங்கப்போறேன். நீ வந்து பார்த்துட்டு ஒரு கருத்து சொல்லு’ என்றான்.

பத்திரிகைக்காரனிடம் கருத்து கேட்டால் கிடைக்காமலா போகும்? கிளம்பிவிட்டேன்.

போனால், எக்ஸெல் ஷீட்டே போட்டு வைத்திருக்கிறான்! முதல் வரிசையில் ஜீப். மகிந்திரா நிறுவனம் 1947-ல் நம் நாட்டில் ஜீப்புகளைக் கொண்டுவந்ததிலிருந்தே, நிலம் வைத்திருப்பவரின் வண்டி என்றால் நம் மனக்கண்ணில் வருவது அதுதான். எஸ்டேட் முதலாளி, ஃபாரஸ்ட் ஆபீசர், சினிமா பண்ணையார் எல்லோரும் அதிலிருந்துதான் குதித்து இறங்குவார்கள். அதன் வாரிசாக 2010-ல் ‘தார்’ வந்தது. 2020-ல் அதற்குப் புது உருவம் வந்தது.

இரண்டாவது வரிசையில், அமெரிக்கப் பண்ணைகளில் ஓடுகிற ‘சைடு பை சைடு’. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். பின்னால் சாமான் போட ஒரு தொட்டி, தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, கீழே பலூன் மாதிரி டயர். கோல்ஃப் மைதானத்து வண்டிக்கும் ஜீப்புக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். கவாசாகி கம்பெனியின் ‘மியூல்’ 1988-லேயே வந்துவிட்டது. மியூல் என்றால் கோவேறு கழுதை. பெயரிலேயே வேலை தெரிகிறது பாருங்கள்! ஆனால், இந்த ரகத்தில் பெரும்பாலான வண்டிகளை நம் ஊரில் பொதுச்சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது. அதாவது, வண்டியை நிலத்துக்குக் கொண்டுபோக இன்னொரு வண்டி வேண்டும்.

அடுத்து மினி டிராக்டர். அதற்கடுத்து, 2005-ல் வந்து, நம் ஜனங்களால் ‘குட்டியானை’ என்று பெயர் வைக்கப்பட்ட டாடா ஏஸ். நடுவில் ஒரு வண்டியை எழுதி, குறுக்கே கோடு போட்டிருந்தான். அது ‘மல்ட்டிக்ஸ்’. பொலாரிஸ் என்ற அமெரிக்கக் கம்பெனியும் நம் ஊர் ஐஷரும் கூட்டுச் சேர்ந்து 2015-ல் கொண்டுவந்தது. குடும்பத்தோடு போகலாம், மூட்டையும் ஏற்றலாம். வண்டியிலிருந்தே மின்சாரம் எடுத்து வீட்டு விளக்கையும் எரிக்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் போணியாகவில்லை, 2018-ல் நிறுத்திவிட்டார்கள். ‘ஏம்ப்பா விக்கல?’ என்று கேட்டேன். ‘கெத்தா இல்லையே!’ என்றான் நண்பன்.

கடைசி வரிசையில், கிண்டலுக்காகத்தான் போட்டிருப்பான் என்று நினைக்கிறேன், டி.வி.எஸ். எக்ஸெல். எக்ஸெல் ஷீட்டில் எக்ஸெல்! 1980-ல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-ன் வம்சம். பால்கேன், கோழிக்கூடை, சிமென்ட் மூட்டை, மனைவி, மகன் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும் அந்த வண்டியை நீங்கள் பார்க்காத கிராமம் உண்டா?

நண்பன் ஜீப்புக்கு டிக் அடித்திருந்தான்.

நான் படித்த பி.காம். எப்போதாவதுதான் கண் விழிக்கும். அன்றைக்கு விழித்தது. ‘ஜீப் 12 லட்சம்னு வெச்சுக்குவோம். பத்து வருஷம் கழிச்சு 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு வித்தேன்னு வெச்சுக்க. தேய்மானம் 9 லட்சத்து 60 ஆயிரம். நீ வருஷத்துல 48 நாள் போறே. பத்து வருஷத்துல 480 நாள். ஆக, ஒரு நாளைக்கு 2,000 ரூபாய். டீசல், இன்ஷூரன்ஸ், சர்வீஸ் தனி. எதுக்கு? 600 மீட்டருக்கு!’

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ‘கணக்கு எனக்கும் தெரியும்ப்பா. வயசு நாப்பத்தஞ்சு ஆச்சு. சின்ன வயசுலேருந்து ஆசை’ என்றான்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல? அவன் வாங்குவது அந்த 48 நாட்களுக்காக மட்டுமில்லை. மிச்சமிருக்கும் 317 நாட்களும் அபார்ட்மென்ட் வாசலில் நின்றுகொண்டு, ‘இந்த வீட்டுக்காரருக்கு நிலம் இருக்கிறது’ என்று அது சொல்லுமே, அதற்காகவும்தான். அதில் என்ன தப்பு? உழைத்துச் சம்பாதித்த காசு. ஆசைப்படுவதெல்லாம் குற்றம் என்றால் நாட்டில் பாதி கடைகளை மூட வேண்டியதுதான். நம்மில் யாருடைய வீட்டில்தான் தேவைக்கு மட்டும் வாங்கிய பொருட்கள் இருக்கின்றன?

‘வாங்கிக்கப்பா’ என்று சொல்லிவிட்டேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

மறுநாள் நிலத்துக்குப் போனோம். தார் ரோட்டிலிருந்து உள்ளே போகிற அந்த அறுநூறு மீட்டர், ஓர் இட்டேரி. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் மண் தடம். அதுதான் இட்டேரி. மாட்டுவண்டி போகிற காலத்தில், அந்த அளவுக்கு விட்ட வழி.

வேலிக்கு அந்தப் பக்கம் கொரங்காடு. பெயரைப் பார்த்துக் குரங்கைத் தேடாதீர்கள். அது மேய்ச்சல் காடு. கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காலையில் மாட்டையும் ஆட்டையும் உள்ளே விட்டுப் படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் வரை அவை பாட்டுக்கு மேயும். கூடவே ஆள் நிற்க வேண்டியதில்லை. அந்த முள்வேலிதான் அங்கே மேய்க்கிற ஆள். சம்பளம் கேட்காத ஆள்.

நண்பன் பையிலிருந்து டேப்பை எடுத்தான். தடம் பெரும்பாலும் ஏழரை அடி, எட்டு அடி இருந்தது. ஒரே ஒரு வளைவில், வேலி வளர்ந்து வளர்ந்து ஐந்தரை அடியாகச் சுருங்கியிருந்தது. ஜீப்பின் அகலம் 1,820 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஆறு அடி. பக்கவாட்டுக் கண்ணாடி தனி. குட்டியானை ஒன்றரை மீட்டர்; ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. நேராக இருந்தால் நுழைந்துவிடும், வளைவில் திரும்பாது. மினி டிராக்டரில் நாலடிக்கும் குறைந்த அகலத்தில் கிடைக்கிறது. அது போகும். எக்ஸெல்லைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் நின்றுகொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

‘என்னங்க தம்பி, டேப்பு புடிக்கறீங்க?’

நண்பன் விஷயத்தைச் சொன்னான். ‘இந்த வளைவுல மட்டும், நாப்பது அடி நீளத்துக்கு மூணு அடி உள்ள தள்ளினாப் போதுங்க ஐயா. செலவு பூரா நான் பார்த்துக்கறேன். கிளுவையை எடுத்துட்டுக் கல்லுக்கால் ஊணி முள்கம்பி கட்டிக் குடுத்துடறேன். பார்க்கவும் நீட்டா இருக்கும்.’

பெரியவர் சத்தம் போடவில்லை. ‘கம்பி நல்லாத்தான் இருக்குமுங்க. மழை பேஞ்சா கிளுவை துளுக்கும், ஆட்டுக்குத் தழையாகும். கம்பி துளுக்குமுங்களா?’ என்றார். கொஞ்ச நேரம் கழித்து, ‘எங்கய்யன் வெச்ச வேலி. நான் பொடியனா இருந்து போத்து எடுத்துக் குடுத்தேன். ஆடு பூராத அளவுக்கு இது அடைக்கறதுக்கு எத்தனை வருசமாச்சுங்கறீங்க?’ என்றார். கடைசியாகச் சொன்னதுதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. ‘வண்டிய வாங்கிப்போட்டுத் தடத்த அகலம் பண்ணாதீங்க தம்பி. தடத்தப் பார்த்துப்போட்டு வண்டிய வாங்குங்க.’

திரும்பி வரும்போது நண்பன் பொருமினான். ‘என்னமோ நான் அவர் நிலத்தைப் பிடுங்கறமாதிரி பேசறார். என் பத்திரத்துல தெளிவா இருக்கு. மாமூல் தடத்துல ஆள் நடக்க, கால்நடை ஓட்ட, வண்டி போகவரப் பாத்தியம். ஜீப் வண்டி இல்லையா?’

நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். இந்திய வசதியுரிமைச் சட்டம், 1882. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். இன்றைக்கும் பாதைத் தகராறு என்றால் அதைத்தான் புரட்டுகிறார்கள். அதன் 28-வது பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? அந்த உரிமை எந்த நோக்கத்துக்காக ஏற்பட்டதோ, கொடுத்தவரும் வாங்கியவரும் என்ன நினைத்திருப்பார்களோ, அதை வைத்துத்தான் அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டும். அது தெளிவாகத் தெரியாவிட்டால், ஒரு வகை வழியுரிமைக்குள் இன்னொரு வகை வழியுரிமை அடங்காது. அடுத்த பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. உன் நிலத்தில் நீ மாற்றம் செய்துகொண்டாய் என்பதற்காக, அடுத்தவர் நிலத்தின் மீது உனக்குள்ள உரிமை கணிசமாகப் பெருகிவிடாது. மாட்டுவண்டி காலத்து ‘வண்டி’க்குள் இன்றைய ஜீப் அடங்குமா என்பதை வக்கீல்கள் பத்து வருடம் வாதாடலாம். ஜீப்பின் ஆயுள் அதற்குள் முடிந்துவிடும்!

ஆனால் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். எனக்கு உறைத்தது வேறு. நான் போட்ட கணக்கில் தேய்மானம் இருந்தது, டீசல் இருந்தது, இன்ஷூரன்ஸ் இருந்தது. பெரியவரின் வேலி இல்லை. அதற்கு என் பேரேட்டில் பத்தியே கிடையாது. நான் ‘வாங்கிக்கப்பா’ என்று பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தபோது, அந்த விலையில் ஒரு பங்கை, என்னைக் கேட்காத, நானும் கேட்காத ஒரு மனிதரின் தலையில் கட்டிக்கொண்டிருந்தேன்.

எந்த வண்டி வாங்கலாம் என்று நாம் கேட்கும் கேள்விகளை யோசித்துப் பாருங்கள். எவ்வளவு இழுக்கும்? எவ்வளவு மேடு ஏறும்? மைலேஜ் எவ்வளவு? எல்லாமே வண்டி நமக்கு என்ன செய்யும் என்பதுதான். அது அதைச் செய்வதற்கு மற்றவர்கள் எதை விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கேள்வி எந்த ஷோரூமிலும் கேட்கப்படுவதில்லை.

அமெரிக்காவில் அரசாங்கத்துக்குச் சொந்தமான தேசியக் காடுகளில் பல தடங்களுக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டி உள்ளே வரக்கூடாது. நாலடி இரண்டு அங்குலம், அவ்வளவுதான். கம்பெனிகள் என்ன செய்தன? சரியாக 50 அங்குலத்தில் வண்டி செய்து விற்றன. காடு நகரவில்லை, வண்டி ஒடுங்கியது. நம் பெரியவர் சொன்னதைத்தான் அங்கே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இங்கே நீங்கள் என்னை மடக்கலாம். ‘அப்படியானால் உலகத்தில் எந்தப் பாதையும் அகலமாகக் கூடாதா? மாட்டுவண்டித் தடத்தோடு நின்றிருந்தால் தார் ரோடு வந்திருக்குமா?’ என்று கேட்கலாம். கேட்க வேண்டும். ரொனால்ட் கோஸ் என்று ஒரு பொருளாதார அறிஞர், 1991-ல் நோபல் பரிசு வாங்கியவர். 1960-ல் அவர் எழுதிய கட்டுரையில், ஒருவரின் மாடுகள் வேலி தாண்டிப் பக்கத்து வயலில் மேய்வதைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். மாட்டுக்காரரால் பயிர்க்காரருக்கு நஷ்டம் என்கிறோம். சரி, மாட்டைத் தடுத்தால் மாட்டுக்காரருக்கு நஷ்டம் இல்லையா? தொந்தரவு என்பது இரண்டு பக்கமும் போகிற சமாசாரம் என்றார். அந்தக் கணக்கில், பெரியவரின் வேலியும் என் நண்பனுக்கு ஒரு தொந்தரவுதான்.

நண்பனிடமும் ஒரு வலுவான வாதம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியவரின் மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. 108 ஆம்புலன்ஸ் வந்தது, ஆனால் தார் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அந்த அம்மாவைக் கயிற்றுக் கட்டிலில் வைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். அடுத்த முறை போனபோது நண்பன் அதையே கேட்டுவிட்டான். ‘தடம் அகலமாயிருந்தா அம்மாவுக்கே உதவியிருக்குமேங்க ஐயா?’

பெரியவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: ‘வாஸ்தவந்தானுங்க. ஆனா நீங்க அன்னைக்கு டேப்பு புடிச்சது அவளுக்கு இல்லீங்களே. ஊருக்கு வேணும்னா ஊரோட பேசோணும். உங்க வண்டிக்கு வேணும்னு வந்தா, எங்கிட்ட மட்டும் கேக்கறீங்க.’

வித்தியாசம் புரிகிறதா? அவர் மூன்றடி மண்ணுக்காகப் பிடிவாதம் பிடிக்கவில்லை. முடிவை நாமே எடுத்துவிட்டு, அதன் பிறகு சம்மதம் வாங்க வந்து நிற்கிறோமே, அதைத்தான் சுட்டிக்காட்டினார். தேவை பெரியதா, ஆசை பெரியதா என்பது அப்புறம். யார் கொடுக்கிறார்கள், அவர்களை எப்போது கேட்டோம் என்பதுதான் முதல் கேள்வி. பணத்தை நீட்டிவிட்டால் கேட்டதாக ஆகிவிடாது. வேண்டாம் என்று சொல்ல எதிராளிக்கு இடம் இருக்கும்போதே கேட்டால்தான் அது கேட்பது.

நகரத்து வாசகர்களே, இது ஏதோ காங்கேயத்து வேலிப் பிரச்னை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஆழ்துளைக் கிணறு போடும்போது ‘இன்னும் இருநூறு அடி இறக்குப்பா’ என்கிறோம். பக்கத்து வீட்டுக் கிணறு நம் எஸ்டிமேட்டில் வருகிறதா? வீட்டில் இடம் இல்லாமல் இரண்டாவது கார் வாங்கித் தெருவில் நிறுத்துகிறோம். தெருவை யாரிடம் கேட்டோம்?

இதையெல்லாம் நண்பனிடம் போனில் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ‘உன் வீட்டு கேட் முன்னாடி பைக் ஏத்த ஒரு சரிவு போட்டிருக்கியே, அது எத்தனை அடி?’ என்றான்.

போனை வைத்துவிட்டுப் போய் அளந்தேன். நடைபாதையில் ஒன்றே முக்கால் அடி. தினமும் காலையில் பூக்கூடையோடு போகும் ஒரு பாட்டி, என் வாசல் வந்ததும் நடைபாதையிலிருந்து கீழே இறங்கி, பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்து, சரிவைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஏறுகிறார். ஆறு வருடமாகப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

அங்கே என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நண்பன் ஜீப் புக் செய்யவில்லை. ஒரு பழைய எக்ஸெல் வாங்கினான். பாரம் இருக்கிற அன்றைக்கு மட்டும், ஊரில் வாடகைக்கு ஓடும் மினி டிராக்டரைக் கூப்பிட்டுக்கொள்கிறான். அந்த இட்டேரியில் காடு உள்ள ஐந்து குடும்பங்களையும், பெரியவரைக் கூட வைத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பார்த்தான். ஆம்புலன்ஸ் வருகிற அளவுக்கு, வளைவில் இரண்டு பக்கத்துக்காரர்களும் ஆளுக்கு ஒன்றரை அடி விடுவது என்று முடிவானது. பெரியவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். உள்பக்கமாகப் புதுக் கிளுவைப் போத்து நட்டு, அது ஆடு பூராதபடி அடைத்த பிறகுதான் பழைய வேலியை எடுக்க வேண்டும். ‘மூணு நாலு வருசம் ஆகுமுங்க’ என்றாராம். ‘ஆகட்டுங்க ஐயா’ என்று சொல்லிவிட்டான்.

போத்துகளை நட்டது நண்பனே. கையெல்லாம் முள் கீறியதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். வேலி அடைத்த பிறகு அங்கே ஜீப் தாராளமாகப் போகும். அப்போது வாங்குவானா என்று கேட்டேன். ‘பார்க்கலாம்ப்பா’ என்றான்.

நான் கொத்தனாருக்குச் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் வந்து சரிவை இடிக்கிறார். பைக்கை உள்ளே ஏற்ற ஒரு பலகை போதும், ஏற்றியதும் எடுத்துவிடலாம்.

உங்கள் வீட்டில் டேப் இருக்கிறதா?